மிகு கேம்களைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு

ஹட்சுனே மிகு என்ற ஜப்பானியக் கணினிப் பாடகியை வைத்து வந்த கேம்களைச் சேர்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பாதிப்பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். அழகான அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கிவிடுவது, அது எந்தக் கருவியில் ஓடும் என்று அப்புறம் தேடுவது. நானும் அந்தக் கட்சிதான். முதலில் கைக்கு வந்தது நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கான ஜப்பானிய கேம் அட்டை. என்னிடம் இருந்ததோ அமெரிக்க 3டிஎஸ். ஒரு நாட்டு அட்டையை இன்னொரு நாட்டுக் கருவி ஏற்காது என்பது அட்டையைச் செருகிய பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் அது மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டுகளோடு கிடந்தது. இந்தக் கட்டுரை அந்த மூன்று மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தினால் போதும்.

வாங்கும் முன்: இது என்ன பொருள்?

ஹட்சுனே மிகு ஒரு மென்பொருள். சப்போரோ நகரிலுள்ள கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்டது. யமஹாவின் வோக்கலாய்ட் 2 என்ற பாடும் பொறி, சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையின் ஒலிப்பதிவுகள், கேய் என்ற ஓவியர் வரைந்த பச்சைநீல இரட்டைச் சடைப் பெண் ஆகிய மூன்றும் சேர்ந்தது மிகு. மெட்டையும் சொற்களையும் கணினியில் இட்டால் அந்தக் குரல் பாடும். உறைமேல் அச்சிட்ட விவரம்: வயது 16, உயரம் 158 செ.மீ. அதே நிறுவனத்தின் மற்றப் பாடும் குரல்களில் இரட்டையர் ரின்னும் லென்னும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தார்கள், லூகா 2009 ஜனவரியில். மெய்கோ, கைட்டோ இருவரும் மிகுவுக்கு மூத்தவர்கள்.

வீட்டில் கணினி வைத்திருந்த யார் யாரோ அதை வாங்கிப் பாட்டுக் கட்டி, நிக்கோநிக்கோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் ஏற்றினார்கள். பலர் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. கேட்டவர்களே பெயர் வைத்தார்கள், பெயரின் முடிவில் 'பி' என்று ஒரு எழுத்தோடு. புரொட்யூசர் என்பதன் சுருக்கம். காஸ்மோ என்பவர் மிகு கட்டுமீறி வேகமாகப் பாடுவதுபோல் ஒரு பாட்டுக் கட்டினார். தலைப்பில் 'போசோ' என்று வரும், தறிகெட்டு ஓடுவது என்று பொருள். அவர் போசோ-பி ஆகிவிட்டார். செம்புலப்பெயல்நீரார் கதைதான். இயற்பெயர் போய், பாட்டிலிருந்த ஒரு சொல்லே ஆளின் பெயராக நின்றுவிட்டது.

செகா நிறுவனம் அந்தப் பாடல்களில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடனக் காட்சி செய்து, பொத்தான் தட்டும் ரிதம் கேமாக்கியது. ஆக ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு தொகை நூல் மாதிரி. நான் சேர்ப்பது அதற்காகத்தான். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இனி வருவதெல்லாம் பெட்டியைப் பிரிப்பவர்களுக்காக எழுதியது.

முதல் படி: எந்த வரிசை?

கையடக்கக் கருவிகளில் வந்தவற்றை நான்கு கிளையாகப் பிரிக்கலாம்.

சோனியின் பிஎஸ்பி கருவிக் கிளையில் மூன்று: 2009 ஜூலை 2 அன்று வந்த முதல் 'ப்ராஜெக்ட் டிவா', 2010 ஜூலையின் 'செகண்ட்', 2011 நவம்பரின் 'எக்ஸ்டெண்ட்'. மூன்றும் ஜப்பானில் மட்டுமே வெளியானவை. ஆங்கிலப் பதிப்பு கிடையாது, யாராவது ஆங்கில டிஸ்க் என்று விற்றால் சந்தேகப்படுங்கள். பிஎஸ்பிக்குப் பிறகு சோனி கொண்டுவந்த வீட்டா கருவிக் கிளையில் 2012இன் 'எஃப்', 2014இன் 'எஃப் செகண்ட்', 2016இன் 'எக்ஸ்'. நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் 'மிராய்' வரிசை. அதில் எல்லாரும் பெரிய தலையும் குட்டைக் காலுமாக நென்டோராய்ட் பொம்மை வடிவில் வருவார்கள். கடைசி மிராய் மட்டும் 2015இல் வெளிநாடுகளுக்கும் போனது. அப்புறம் 2020இல் நின்டெண்டோவின் ஸ்விட்சுக்கு வந்த 'மெகா மிக்ஸ்', இன்று கடையில் புதிதாகக் கிடைக்க வாய்ப்புள்ளது.

புதிதாக வருபவருக்கு என் பரிந்துரை பிஎஸ்பியின் 'செகண்ட்'. முதல் கேமின் பல பாடல்கள் இதிலும் உண்டு. எப்போது தட்டுவது என்று திரையில் காட்டும் குறிகளில், அழுத்திப் பிடிக்கும் நீள் குறிகளும், அம்புப் பொத்தானையும் வலப்பக்கப் பொத்தானையும் சேர்த்துத் தட்டும் இரட்டைக் குறிகளும் இதில்தான் சேர்ந்தன. ஈசி, நார்மல், ஹார்ட் என்ற மூன்றுக்கு மேல் எக்ஸ்ட்ரீம் என்ற நாலாவது படியும் இதில் வந்தது. முதல் கேமை இரண்டாவதாக வாங்குங்கள். அதன் எளிமை அப்போதுதான் ருசிக்கும்.

இரண்டாம் படி: கருவி

பிஎஸ்பி கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஜப்பானிய டிஸ்க் எந்த நாட்டு பிஎஸ்பியிலும் ஓடும். வீட்டா கேம் அட்டைகளும் அப்படித்தான். பூட்டு இருப்பது 3டிஎஸ்ஸில். ஜப்பானிய மிராய் வேண்டுமென்றால் ஜப்பானிய 3டிஎஸ் வேண்டும்.

பிஎஸ்பியில் எந்த மாடல்? 1000 கனமானது, 280 கிராம். கையில் உறுதியாக உட்காரும். ஆனால் அதன் திரையில் வேகமாக நகரும் எதுவும் லேசாக இழுபடும். தொடக்கக்காலப் பிரதிகள் சிலவற்றில் சதுரப் பொத்தான் சரியாக அழுந்தாது என்ற புகாரும் அன்றே பெயர்பெற்றது. நான்கு பொத்தானை நம்பி ஆடும் கேமில் ஒரு பொத்தான் முரண்டு பிடித்தால் என்ன ஆகும்? 2000இன் எடை 189 கிராம். 3000இன் திரையில் நிறம் நன்றாக இருக்கும், இழுபடுவதும் குறைவு. உற்றுப் பார்த்தால் கிடைக்கோடுகள் தெரியும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆட்டம் தொடங்கினால் யாருக்கும் அது கண்ணில் படாது. 3000 வாங்குங்கள்.

பிஎஸ்பி கோ என்ற வழுக்கித் திறக்கும் மாடலைத் தொடவேண்டாம். அதில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. ஐரோப்பாவில் வந்த இ1000 மலிவு. டிஸ்க் ஓடும், ஆனால் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான், ஹெட்ஃபோன் போட்டால்தான் ஸ்டீரியோ.

ஜப்பானியக் கருவியாக இருந்தால் ஒரு பழக்கம் மாற வேண்டும். அங்கே வட்டம்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. முதல் வாரம் எதையாவது அழித்துக்கொண்டே இருப்பீர்கள்.

சேமிக்க மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ வேண்டும். இதில் போலிகள் ஏராளம். எனக்கு ஒரு கடையில் 8 ஜிபி என்று கொடுத்தது, உள்ளதை எழுதி எழுதிப் பார்த்ததில் 1 ஜிபிக்கு மேல் தாங்கவில்லை. மைக்ரோ எஸ்டி அட்டையை உள்ளே செருகும் அடாப்டர் வாங்கி, நம்பகமான மைக்ரோ எஸ்டி போடுவது நல்லது. வீட்டாவுக்கு இந்தச் சுலபவழி இல்லை. அதன் மெமரி அட்டை சோனியின் தனி வகை, விலையும் உறுத்தும். வீட்டாவை வாங்கும்போதே அட்டையோடு சேர்த்து விற்பவரைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: விற்பனை விவரத்தைப் படிப்பது

ஜப்பானிலிருந்து நேராக வாங்கினால் பொருள் சுத்தமாகவும் மலிவாகவும் கிடைக்கும். புக் ஆஃப், ஹார்ட் ஆஃப், சுருகாயா போன்ற கடைகளும், யாஹூ ஏலம், மெர்காரி போன்ற தளங்களும் உண்டு. பல இடங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பாததால் நமக்காக வாங்கி அனுப்பும் இடைச்சேவை ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் கூலி, உள்ளூர் அஞ்சல், பன்னாட்டு அஞ்சல், சுங்கம் எல்லாம் கூட்டினால் மலிவு டிஸ்க் ஒன்றின் விலை மூன்று மடங்காகும். அதனால் ஒன்றொன்றாக வாங்காமல் நாலைந்து சேர்ந்ததும் ஒரே பெட்டியாக வரவழையுங்கள்.

விவரத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் பொருள் வரும், ஆனால் வழக்கு வராது. 'சூகோ' என்றால் பழையது, 'மிகாய்ஃபூ' என்றால் பிரிக்காதது. 'ஹாகோ-செட்சு' என்று வந்தால் பெட்டியும் கையேடும் பற்றிய பேச்சு. கூடவே 'நாஷி' என்று முடிந்தால் இரண்டும் இல்லை. 'சொஃப்டோ நோமி' என்றால் டிஸ்க் மட்டும். 'ஹியாகே' என்பது வெயிலில் வெளிறியது, மிகு பெட்டிகளில் முதுகுப்பட்டையின் நிறம் முதலில் போகும். 'ஓகாய்தோகு-பன்' என்றால் பின்னால் வந்த மலிவு மறுபதிப்பு. ஆடுவதற்கு அதுவே போதும், சேகரிப்பவர் மட்டும் முதல் பதிப்பைத் தேடுவார். 'தோசா காகுனின்-சுமி' என்றால் ஓட்டிப் பார்த்தாயிற்று.

'ஜன்கு' என்ற சொல்லை மட்டும் நிதானமாகப் பாருங்கள். செயலி அதைக் குப்பை என்று காட்டும். அங்கே அதன் அர்த்தம், 'வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், திருப்பித் தராதே' என்பது. பேட்டரி இல்லாததால் சோதிக்க முடியாத அருமையான கருவிகளும் ஜன்கு வரிசையில் கிடக்கும், தண்ணீரில் விழுந்ததும் கிடக்கும். முதல் கொள்முதலுக்கு அந்தப் பக்கம் போகவேண்டாம்.

பேட்டரி பற்றி இன்னொன்று. தனி லித்தியம் பேட்டரியை வான்வழி அஞ்சலில் ஏற்க மாட்டார்கள். அதனால் பழைய பிஎஸ்பி பலவும் பேட்டரி இல்லாமலே வரும். 3000 வரையுள்ள மாடல்கள் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் நேராக ஓடும் என்பது அப்போது கைகொடுக்கும்.

நான்காம் படி: பார்சல் வந்ததும்

உடனே டிஸ்க்கைச் செருகிவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிஎஸ்பி டிஸ்க்குக்குப் பெயர் யூஎம்டி. விட்டத்தில் நம் உள்ளங்கையை விடச் சின்ன தட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டிருக்கும். உறை இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது. வருஷம் ஆக ஆகப் பசை விடும். கட்டைவிரல் நகத்தை விளிம்பில் லேசாக ஓட்டுங்கள். நகம் எங்காவது இறங்கினால் அங்கே வாய் பிளந்திருக்கிறது. காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். உள்ளே தட்டு கொஞ்சம் அசைவது இயல்பு, கரகரவென்று உரசினால் சரியில்லை.

என் 'செகண்ட்' பிரதி அப்படித்தான் வந்தது, ஒரு பக்கம் பிளந்து, அரிசிப்பொரி மாதிரி உப்பி. அவசரத்தில் ஃபெவிக்விக் எடுத்தேன், நல்லவேளையாக நிறுத்தினேன். அந்தப் பசையின் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலம் படியவைக்கும், தட்டில் படிந்தால் போச்சு. செல்லோடேப்பும் வேண்டாம், உள்ளே சிக்கிக்கொள்ளும். காலி யூஎம்டி உறைகள் தனியாக விற்கிறார்கள். தட்டை விளிம்பில் பிடித்து எடுத்துப் புது உறைக்குள் மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

உறையின் பின்பக்க ஜன்னலுக்கு மூடி கிடையாது. ஆகவே தட்டில் விரல்ரேகை இருக்கும். கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

கருவியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி மூடி. சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா, மூடி துருத்துகிறதா? துருத்தினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் குத்தாமல், அழுத்தாமல் எடுத்துவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். பிறகு நான்கு பொத்தானையும் அம்புகளையும் ஒவ்வொன்றாக நூறு தடவை தட்டிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பத்தில் ஒருமுறை வேலை செய்யாத பொத்தான் இரண்டு தட்டலில் தெரியாது.

ஐந்தாம் படி: ஆடத் தொடங்குவது

திரையில் ஓரிடத்தில் ஒரு பொத்தானின் நிழல் தோன்றும், அதில் கடிகார முள் சுற்றும். அதே பொத்தானின் நிறமுள்ள உரு எங்கிருந்தோ பறந்து வந்து அதன்மேல் உட்காரும். உட்காரும் நொடியில், முள் பன்னிரண்டைத் தொடும்போது தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் கூல், கொஞ்சம் பிசகினால் ஃபைன், இன்னும் பிசகினால் சேஃப், அப்புறம் சேட், வொர்ஸ்ட். கூலும் ஃபைனும் மட்டுமே தொடர்ச்சியைக் காப்பாற்றும்.

புதியவர்கள் பறந்து வரும் உருவைக் கண்ணால் துரத்துகிறார்கள். துரத்தாதீர்கள். உரு எங்கே உட்காரப்போகிறது என்று கண் பார்த்துக்கொள்ளட்டும், எப்போது தட்டுவது என்று காது சொல்லட்டும். நான் ஒரு பாடலை ஆடுமுன் தொடையில் தாளம் போட்டு ஒருமுறை முழுக்கக் கேட்பேன். சங்கீதம் கற்றவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். முந்தி விழுவது அதீதம், பிந்தி விழுவது அனாகதம், இந்த கேம் கேட்பது சமம். தொடர்ந்து ஃபைன் விழுந்தால் நீங்கள் எப்போதும் முந்துகிறீர்களா பிந்துகிறீர்களா என்று கவனியுங்கள். பெரும்பாலும் புதியவர்கள் முந்துவார்கள், பதற்றம்தான் காரணம்.

ஒரு சின்ன உபாயம்: மேல் அம்பு முக்கோணத்துக்கும், வலது வட்டத்துக்கும், கீழ் பெருக்கலுக்கும், இடது சதுரத்துக்கும் பதிலாக வேலை செய்யும். ஒரே பொத்தான் சடசடவென்று வந்தால் இரண்டு கட்டைவிரலையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள், மிருதங்கத்தில் இரண்டு கையும் பங்கு போடுவதுபோல.

ஹெட்ஃபோன் வயரோடு இருப்பதாக இருக்கட்டும். வீட்டாவில் ப்ளூடூத் உண்டு. ஆனால் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், உங்கள் தட்டலெல்லாம் பிசகும், குற்றம் விரலின்மேல் விழும். வீட்டாவின் 'எஃப்'பில் பொத்தானோடு திரையைத் தேய்க்கும் நட்சத்திரக் குறியும் உண்டு. பிஎஸ்பியில் பழகிய கைக்கு அது கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும்.

படி ஏறுவதில் அவசரம் வேண்டாம். ஈசியில் பாட்டின் அடித்தாளம் மட்டும் வரும், நார்மலில் குரலின் சொற்கள் சேரும், ஹார்டில்தான் மெட்டின் வளைவுகள் விரலுக்கு வரும். எக்ஸ்ட்ரீம் வேறு உலகம். 'செகண்ட்'டில் வோவாக்கா என்பவர் கட்டிய 'உராஓமோதே லவர்ஸ்' இருக்கிறது. சொற்களை மூச்சுவிடாமல் கொட்டும் பாட்டு, 2009இல் வந்தது. அதன் எக்ஸ்ட்ரீம் பலரின் விரலை உடைத்தது. நான் அதை இன்றுவரை முடிக்கவில்லை. வோவாக்கா 2019இல் காலமானார். அந்தப் பாட்டு வரும்போது இப்போதெல்லாம் தோற்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

ஆறாம் படி: பார்ப்பதும் கேட்பதும்

ஆடும்போது பின்னால் நடக்கும் நடனத்தை யாராலும் பார்க்க முடியாது. அதற்காகவே குறிகள் இல்லாமல் காட்சியை மட்டும் ஓட்டும் பகுதி உண்டு. ஒரு பாடலை முடித்த அன்றே அதைப் போய்ப் பாருங்கள். பாடல் தொடங்குமுன் வரும் திரையில் சொல், மெட்டு, இசையமைப்பு யாருடையது என்று காட்டுவார்கள். அதைத் தாண்டி ஓடாதீர்கள். நான் ஒரு நோட்டில் பாடல், கட்டியவர், எந்த கேமில் எந்த ஆண்டு என்று எழுதி வைக்கிறேன். இருபது பாட்டு ஆனதும் கைவரிசை தெரியத் தொடங்கும். ரியோவின் பாட்டா, கேஇசட்டின் பாட்டா என்று முகப்பு இசையிலேயே சொல்லிவிடலாம்.

உடைகளுக்கு இங்கே மாட்யூல் என்று பெயர், ஆடிச் சேர்த்த புள்ளிகளால் வாங்கலாம். 39 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். ஜப்பானிய மொழியில் மூன்றை 'மி' என்றும் ஒன்பதை 'கு' என்றும் படிக்கலாம், அவ்வளவுதான் விஷயம். மார்ச் 9 ரசிகர்களுக்கு மிகு நாள். கையில் வெங்காயத்தாளோடு அவளைப் பார்த்தால் குழம்பவேண்டாம். 2007 செப்டம்பரில் ஒருவர் ஏற்றிய வேடிக்கை வீடியோவில் அதைச் சுழற்றியபடி வந்தாள், அன்றிலிருந்து கையைவிட்டுப் போகவில்லை.

பத்திரப்படுத்துவது

ஈரப்பதமுள்ள ஊரென்றால் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். கையேட்டுத் தாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால்தான். கருவியை மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதென்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வெளியே எடுத்து வையுங்கள். சேமித்த விவரம் மெமரி ஸ்டிக்கில் 'பிஎஸ்பி' என்ற கோப்புறைக்குள் 'சேவ்டேட்டா' என்ற பெயரில் இருக்கும். மினி யூஎஸ்பி வயரில் இணைத்து வருஷத்துக்கு ஒருமுறை கணினியில் பிரதி எடுங்கள்.

அப்புறம் நேரமிருந்தால் எடிட் மோடைத் திறந்து பாருங்கள். மெமரி ஸ்டிக்கில் போட்ட எம்பி3 பாடல் எதற்கும் நாமே குறி வைத்து, காட்சி அமைத்து ஆடலாம். மிகு நம்மூர்ப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கை நாம்தான் கொடுக்க வேண்டும். அதனால் கணினியில் தாளம் போட்டுப் பதிவான புதிய பாட்டாக எடுங்கள். வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பழைய பாட்டென்றால் வேகம் கூடியும் குறைந்தும் போகும். இரண்டாம் சரணம் வருவதற்குள் குறிகளெல்லாம் அரைத் தட்டுப் பின்தங்கி நிற்கும்.